அத்தியாயம் 6: தினமும் ஒரு பிரஷர் மாத்திரை

பிரஷர் மாத்திரை போடுகிற ஒருவரிடம் "என்ன மாத்திரை போடுறீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். "சின்னதா, வெள்ளையா, வட்டமா இருக்கும்" என்பார்கள். சர்க்கரை மாத்திரையும் அப்படித்தான் இருக்கும், தைராய்டு மாத்திரையும் அப்படித்தான் இருக்கும். பிரஷர் மாத்திரையால் வருகிற பெரும்பாலான தொல்லைகளுக்கு மாத்திரையைக் குற்றம் சொல்ல முடியாது. தான் போடுவது இன்ன மருந்து என்று தெரியாமலே பல வருடம் போட்டுக்கொண்டிருப்பதுதான் காரணம்.

ஆகவே மேலே படிப்பதற்கு முன் வீட்டிலுள்ள மாத்திரை அட்டைகளை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு அட்டையிலும் இரண்டு பெயர்கள் இருக்கும். ஒன்று கம்பெனி தன் சரக்குக்கு வைத்த பெயர். இன்னொன்று மருந்தின் சொந்தப் பெயர்: அம்லோடிபின், டெல்மிசார்டன், எனலாப்ரில், ராமிப்ரில், மெட்டோப்ரோலால், அட்டெனோலால், ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன் இவற்றில் ஒன்றோ இரண்டோ மூன்றோ இருக்கலாம். அந்தச் சொந்தப் பெயரையும் அதன் பக்கத்திலுள்ள மில்லிகிராம் எண்ணையும் ஒரு நோட்டில் தமிழிலேயே பெரிதாக எழுதுங்கள். எந்த மருத்துவரிடம் போனாலும் எந்த ஊர் மருந்துக் கடைக்குப் போனாலும் இந்த நோட்டு கூட வரட்டும்.

ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், மருந்துக் கடை கவுண்டரில் அடிக்கடி கண்ணில் படுகிற ஒரு காட்சி உண்டு. பெரியவர் ஒருவர் இரண்டு அட்டைகளை நீட்டுவார். ஒன்று அரசு மருத்துவமனையில் கொடுத்தது, அம்லோடிபின் 5 மி.கி. மற்றொன்று தனியார் மருத்துவர் எழுதியது, வணிகப் பெயருக்குப் பின்னால் 'ஏஎம்' என்று இரண்டு எழுத்துகள் இருக்கும். "இது பிரஷருக்கு, இது நெஞ்சுக்குன்னு நெனச்சேன் தம்பி" என்பார். "அய்யா, இந்த ஏஎம் இருக்கு பாருங்க, அதுவும் அம்லோடிபின்தான். ஒரே மருந்தை ரெண்டு தடவை போடுறீங்க" என்று சொன்னால் திகைத்துப்போவார். கால் வீக்கமும் எழுந்தால் கிறுகிறுப்பும் எங்கிருந்து வந்தன என்பது அந்த நிமிடத்தில் விளங்கிவிடும்.

வணிகப் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் இந்த எழுத்துகளைக் கவனியுங்கள். பொதுவாக 'எச்' என்றால் ஹைட்ரோகுளோரோதயசைடு, 'ஏஎம்' என்றால் அம்லோடிபின், 'ஏடி' என்றால் அட்டெனோலால் கூடச் சேர்ந்திருக்கிறது. 'எக்ஸ்எல்', 'ஈஆர்' என்று இருந்தால் மருந்து மெல்ல மெல்ல வெளிவரும்படி செய்த மாத்திரை. இவற்றைப் பொடி செய்யவோ மெல்லவோ கூடாது. நாள் முழுக்க வர வேண்டிய மருந்து ஒரே மூச்சில் இறங்கிவிடும். நடுவில் கோடு போட்டிருந்தாலும் உடைப்பதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொரு சிக்கல் எஸ்-அம்லோடிபின். அதில் 2.5 மி.கி. என்பது சாதாரண அம்லோடிபின் 5 மி.கி.க்குச் சமம். எண் குறைவாக இருக்கிறதே என்று ஒன்றுக்கு இரண்டாகப் போட்டுவிடாதீர்கள்.

அட்டையைக் கத்தரித்து வாங்கும்போது பெயரும் முடிவுத் தேதியும் வெட்டுப்படாத பக்கமாகக் கேட்டு வாங்குங்கள். கடையில் வேறு கம்பெனி மாத்திரை கொடுத்தால் பயப்பட வேண்டாம், மருந்தின் சொந்தப் பெயரும் மில்லிகிராமும் ஒன்றாக இருந்தால் போதும். மெட்டோப்ரோலாலில் மட்டும் பெயரின் கடைசிச் சொல்லையும் பாருங்கள். சக்சினேட் வேறு, டார்ட்ரேட் வேறு. ஒன்று பெரும்பாலும் தினம் ஒரு வேளைக்கானது, மற்றது இரண்டு வேளைக்கானது. செலவைக் குறைக்க மக்கள் மருந்தகம், முதல்வர் மருந்தகம் போன்ற கடைகள் இருக்கின்றன. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. வீட்டுக்கு வரும் சுகாதாரத் தன்னார்வலரிடம் தனியாரில் வாங்கும் மாத்திரைகளையும் எடுத்துக் காட்டுங்கள். நான் மேலே சொன்ன இரட்டை அம்லோடிபின் பெரும்பாலும் இரண்டு இடத்தில் மருந்து வாங்கும் வீட்டில்தான் நடக்கிறது.

எந்த மருந்து என்ன செய்யும்

அம்லோடிபின் ரத்தக்குழாய்களைத் தளர்த்தி விரிக்கும். மெதுவாக வேலை செய்கிற மருந்து. முழுப் பலன் தெரிய ஒன்றிரண்டு வாரம் ஆகும், ஆகவே மூன்றாம் நாளே "குறையலையே" என்று பதற வேண்டாம். இதை எடுக்கும் சிலருக்குச் சாயங்காலமானால் கணுக்கால் வீங்கும், செருப்பு வார் பதிந்த தடம் தெரியும். உடனே "கிட்னி போயிடுச்சு" என்று வீடே கலங்கும். விரிந்த குழாய்களிலிருந்து நீர் கசிந்து காலில் தேங்குவதே பெரும்பாலும் இதற்குக் காரணம். மாத்திரையின் அளவைக் குறைத்தாலோ வேறு மருந்தைச் சேர்த்தாலோ சரியாகும். மருத்துவரிடம் காட்டுங்கள். ஏனென்றால் இதயக் கோளாறிலும் சிறுநீரகக் கோளாறிலும் கால் வீங்கும், எது என்று அவர்தான் பிரித்துச் சொல்ல வேண்டும். ஆனால் வீக்கத்துக்கென்று நீங்களாகவே ஒரு நீர் மாத்திரை வாங்கிச் சேர்க்க வேண்டாம். இந்த வகை வீக்கம் அதற்கு அவ்வளவாக மசியாது, உடம்பில் சோடியம்தான் குறையும். ஈறு தடித்து வளர்வதும் இந்த மருந்தால் சிலருக்கு வரும். பல் மருத்துவரிடம் போனால் இந்த மாத்திரையின் பெயரைச் சொல்லுங்கள்.

எனலாப்ரில், ராமிப்ரில் என்று 'ப்ரில்' முடிவுள்ளவை சிலருக்கு வறட்டு இருமலைக் கொண்டுவரும். சளி இருக்காது, காய்ச்சல் இருக்காது, தொண்டையில் கரகரப்பு மட்டும் இருக்கும், ராத்திரியில் தூங்க விடாது. மாத்திரை தொடங்கிச் சில வாரமோ சில மாதமோ கழித்துக்கூட வரும் என்பதால் யாரும் அதை மாத்திரையோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. இருமல் டானிக் பாட்டில் பாட்டிலாகத் தீரும், எக்ஸ்ரே எடுப்பார்கள். மருத்துவரிடம் சொன்னால் டெல்மிசார்டன் போன்ற 'சார்டன்' வகைக்கு மாற்றிவிடுவார், சில வாரங்களில் இருமல் அடங்கும். அரிதாக உதடு, நாக்கு, முகம் திடீரென வீங்கலாம். இது அவசரம், மூச்சுக்குழாய் அடைபடும் ஆபத்து உண்டு. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும், அந்த மாத்திரையை மறுபடி வாழ்நாளில் தொடக் கூடாது.

'ப்ரில்', 'சார்டன்' இரண்டு வகையும் ரத்தத்தில் பொட்டாசியத்தைக் கூட்டலாம். தொடங்கிய ஒன்றிரண்டு வாரத்திலும் அளவைக் கூட்டிய பிறகும் கிரியாட்டினின், பொட்டாசியம் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. கிரியாட்டினின் முதலில் சற்றே ஏறுவதுண்டு. எதுவரை பொறுக்கலாம் என்பதை மருத்துவர் சொல்வார், நீங்களாக நிறுத்த வேண்டாம். "இங்கிலீஷ் மருந்து கிட்னியைத் தின்னுடும்" என்று பயந்து நிறுத்தியவர்களுக்குத்தான் அடங்காத பிரஷர் கிட்னியைக் கெடுத்திருக்கிறது. சிறுநீரில் புரதம் போகிற சர்க்கரை நோயாளிக்குச் சிறுநீரகத்தைக் காப்பாற்றவே இந்த வகையை எழுதுகிறார்கள். ஆனால் கருவுற்றவர்களும் கருவுறத் திட்டமிடுபவர்களும் இவற்றை எடுக்கக் கூடாது, குழந்தையைப் பாதிக்கும். லபெட்டலால், மெத்தில்டோபா, நிபெடிபின் போன்ற வேறு மருந்துகள் இருக்கின்றன. தேதி தள்ளிப்போனதுமே மருத்துவரைப் பாருங்கள்.

ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன் ஆகியவை நீர் மாத்திரைகள். காலையில் போடுங்கள், ராத்திரியில் போட்டால் தூக்கத்தில் எழுந்து எழுந்து போக வேண்டியிருக்கும். வயதானவர்களுக்கு இவற்றால் சோடியம் இறங்கிவிடுவதுண்டு. நன்றாகப் பேசிக்கொண்டிருந்த பாட்டி இரண்டு நாளாகத் தடுமாறுகிறார், ஆளை மாற்றி அழைக்கிறார், பகலெல்லாம் தூங்குகிறார் என்றால் "வயசாயிடுச்சு" என்று விட்டுவிடாமல் சோடியம் பரிசோதனை செய்யுங்கள். கத்திரி வெயில் நாட்களில் வேர்வையில் நீரும் உப்பும் போய்விடுவதால் பிரஷர் தானாகவே இறங்கும், தலைசுற்றும். அப்போது அளவைக் குறைக்க வேண்டியிருக்கலாம், ஒரு தடவை காட்டிக்கொள்ளுங்கள்.

அட்டெனோலால், மெட்டோப்ரோலால் இதயத் துடிப்பை மெதுவாக்கும். ஆஸ்துமா இருந்தால் இந்த மாத்திரை எழுதும்போதே சொல்லிவிட வேண்டும். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள்: சர்க்கரை தாழ்ந்தால் வழக்கமாக வரும் படபடப்பை இந்த மருந்து மறைத்துவிடும், வேர்ப்பது மட்டும் மறையாது. காரணமில்லாமல் வேர்த்துக் கொட்டினால் சர்க்கரையைப் பாருங்கள்.

காலையா, ராத்திரியா?

இந்தக் கேள்விக்குப் பெரிய ஆய்வே நடந்திருக்கிறது. பிரிட்டனில் 21,104 பேரைப் பிரித்து, பாதிப் பேர் காலையிலும் பாதிப் பேர் மாலையிலும் பிரஷர் மாத்திரை போடும்படி செய்து ஐந்து ஆண்டுகளுக்கு மேல் கவனித்தார்கள். 2022-இல் வெளிவந்த முடிவில் மாரடைப்பிலும் பக்கவாதத்திலும் இரு தரப்புக்கும் வேறுபாடில்லை. எந்த வேளை உங்களுக்கு மறக்காதோ அந்த வேளைதான் சரியான வேளை. காலையில் பல் துலக்கியதும் என்று வைத்துக்கொள்வது எளிது. முதல் தடவை போடும்போது தலைசுற்ற வைக்கும் பிரசோசின் போன்றவற்றை மட்டும் ராத்திரி படுக்கப் போகையில் தொடங்கச் சொல்வார்கள். மருந்துச் சீட்டில் 1-0-0 என்றால் காலை மட்டும், 1-0-1 என்றால் காலையும் இரவும், 0-0-1 என்றால் இரவு மட்டும்.

மறந்துபோனால்? அன்றைக்கே நினைவு வந்தால் போட்டுக்கொள்ளுங்கள். மறுநாள்தான் நினைவு வந்தால் அந்த நாளுக்கானதை மட்டும் போடுங்கள். நேற்றையதையும் சேர்த்து இரண்டாகப் போடவே கூடாது. மறதி அதிகம் என்றால் பலரும் வாரக் கிழமை போட்ட டப்பாவைச் சொல்வார்கள். டெல்மிசார்டனுக்கு அது ஒத்துவராது. ஈரக்காற்று பட்டால் அந்த மாத்திரை கெட்டுவிடும், விழுங்கும் நேரத்தில்தான் அட்டையிலிருந்து பிரிக்க வேண்டும். அட்டையை ஒவ்வொரு மாத்திரையாகக் கத்தரித்து, பிரிக்காமலே டப்பாவில் போட்டு வைக்கலாம்.

வெறும் வயிற்றில் ரத்தப் பரிசோதனைக்குப் போகிற நாளில் "ஒண்ணும் சாப்பிடக் கூடாதுன்னாங்க" என்று பிரஷர் மாத்திரையையும் விட்டுவிட்டு வருவார்கள். அளந்தால் பிரஷர் எகிறியிருக்கும், பார்க்கிற மருத்துவர் இன்னொரு மாத்திரை கூட்டி எழுதிவிடுவார். பிரஷர் மாத்திரையை ஒரு மடக்குத் தண்ணீரோடு போட்டுக்கொண்டுதான் போக வேண்டும். சர்க்கரை மாத்திரை மட்டும்தான் சாப்பாட்டுக்காகக் காத்திருக்கும். அறுவை சிகிச்சைக்கு முந்தின நாள் என்றால் எதைப் போடுவது, எதை விடுவது என்று மயக்க மருந்து நிபுணரிடம் கேட்டுவிடுங்கள். ஏகாதசி, சஷ்டி விரதத்துக்கும் மாத்திரையை விட வேண்டியதில்லை. ரம்ஜான் நோன்பு வைப்பவர்கள் நோன்பு தொடங்குவதற்கு முன்பே மருத்துவரைப் பார்த்து, மாத்திரையை சஹருக்கோ இஃப்தாருக்கோ மாற்றிக்கொள்ள வேண்டும்.

நாள் முழுக்க வாந்தியும் பேதியுமாகக் கிடக்கும்போது மட்டும் நிலைமை வேறு. உடம்பில் நீர் வற்றியிருக்கையில் நீர் மாத்திரையும் 'ப்ரில்', 'சார்டன்' மாத்திரைகளும் சிறுநீரகத்தைச் சட்டென முடக்கிவிடலாம். அன்றைக்கே மருத்துவரிடம் போனிலாவது கேளுங்கள், ஒன்றிரண்டு நாள் நிறுத்தச் சொல்லக்கூடும்.

"நார்மல் ஆயிடுச்சே, நிறுத்தலாமா?"

நார்மலாக இருப்பது மாத்திரையால்தான். இதை எத்தனை தடவை சொன்னாலும் தகும். பிரஷருக்கு வலி இல்லை, காய்ச்சல் இல்லை. ஆகவே மாத்திரையை நிறுத்தினாலும் முதல் வாரத்தில் எதுவும் தெரியாது, அந்தத் தைரியத்தில் மாதங்கள் போய்விடும். எடை குறைத்து, ஊறுகாய், அப்பளம், கருவாட்டைக் குறைத்து, தினம் நடந்து உண்மையிலேயே பிரஷரை இறக்கியவர்களுக்கு மருத்துவர் அளவைக் குறைக்கத்தான் செய்வார். அதை அளந்து பார்த்து, படிப்படியாகச் செய்வார்.

சில மருந்துகளைத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. குளோனிடின் அப்படிப்பட்டது. ஒன்றிரண்டு வேளை விட்டாலே பிரஷர் முன்பைவிட மேலே துள்ளிப் போகும். அட்டெனோலால், மெட்டோப்ரோலாலை இதய நோயாளி சட்டென நிறுத்தினால் நெஞ்சுவலியோ மாரடைப்போ வரலாம். திருவிழாவுக்கு ஊருக்குப் போகிறவர்கள் இரண்டு நாள் மாத்திரை கூடுதலாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆண்கள் பலர் வெளியே சொல்லாமல் மாத்திரையை நிறுத்துவதற்கு ஒரு காரணம் தாம்பத்தியத்தில் வரும் குறைபாடு. சில மாத்திரைகளால் அது வரலாம், அடங்காத பிரஷராலும் சர்க்கரையாலும்கூட வரலாம். மருத்துவரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள், மாற்று மருந்து இருக்கிறது.

சேரக் கூடாதவை

முதல் எதிரி வலி மாத்திரை. டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், அசிக்ளோஃபெனாக் மூன்றும் பிரஷரை ஏற்றும், பிரஷர் மாத்திரையின் வேலையைக் கெடுக்கும். 'சார்டன்' அல்லது 'ப்ரில்' மாத்திரையும் நீர் மாத்திரையும் சேர்த்து எடுக்கும் ஒருவர் மூட்டுவலிக்கு இதையும் நாள்கணக்கில் போட்டால் சிறுநீரகம் தாங்காது. "வலிக்கு ஒண்ணு குடுங்க" என்று கடையில் கேட்கும்போது "எனக்குப் பிரஷர் இருக்கு" என்று சேர்த்துச் சொல்லுங்கள். பெரும்பாலானவர்களுக்கு அளவோடு பாராசிட்டமால் போதும். தண்ணீரில் போட்டால் பொங்கிக் கரைகிற வகை மட்டும் வேண்டாம், அதில் சோடியம் அதிகம். வயிற்று உப்புசத்துக்குக் கரைத்துக் குடிக்கும் பொடியும் அப்படித்தான். மூக்கடைப்புக்கான ஜலதோஷ மாத்திரைகளில் ஃபினைல்எஃப்ரின் இருக்கிறதா என்று பாருங்கள், அது ரத்தக்குழாயைச் சுருக்கும்.

தொண்டைக் கமறலுக்கு அதிமதுரம் சப்புவது நம் வீடுகளில் வழக்கம். ஒரு நாள் இரண்டு நாள் சரி. தொடர்ந்து சாப்பிட்டால் உடம்பில் சோடியத்தைத் தேக்கி, பொட்டாசியத்தை இறக்கி, பிரஷரை ஏற்றும். நீர் மாத்திரை எடுப்பவர்களுக்குப் பொட்டாசியம் இன்னும் இறங்கும். சர்ப்பகந்தா சேர்ந்த மருந்துகளில் ரிசர்பின் என்ற, பிரஷரை நிஜமாகவே இறக்குகிற சரக்கு இருக்கிறது. அதையும் அம்லோடிபினையும் ஒருவருக்கொருவர் தெரியாத இரண்டு வைத்தியர்களிடம் வாங்கிச் சாப்பிடுவது ஆபத்து. சித்த மருத்துவரிடமும் உங்கள் நோட்டைக் காட்டுங்கள்.

சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் விற்பதில் ஒரு பங்கு பொட்டாசியம் குளோரைடு. பலருக்கு அது நல்லதுதான். ஆனால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், 'சார்டன்', 'ப்ரில்', ஸ்பைரோனோலாக்டோன் எடுப்பவர்கள் கேட்காமல் வாங்கக் கூடாது. சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு இளநீரும் இதே காரணத்தால் அளவுக்கு உட்பட்டதே.

வீட்டில் அளப்பது

மேல்கையில் பட்டை கட்டும் மின்னணுக் கருவி வாங்குங்கள், மணிக்கட்டுக் கருவி நம்பகம் குறைந்தது. காலையில் சிறுநீர் கழித்துவிட்டு, காபிக்கும் மாத்திரைக்கும் முன்னால், நாற்காலியில் சாய்ந்து ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். பாதம் தரையில், கை மேசைமேல் நெஞ்சு மட்டத்தில் இருக்கட்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை. மாலையிலும் அப்படியே. மருத்துவரைப் பார்ப்பதற்கு முந்தின ஒரு வாரத்துக்கு எழுதி எடுத்துப் போனால் போதும், நாளெல்லாம் அளந்துகொண்டிருந்தால் அந்தக் கவலையிலேயே ஏறும். வீட்டு அளவின் சராசரி 135/85-க்குக் கீழே இருப்பது பொதுவான எல்லை. உங்களுக்கான இலக்கை மருத்துவர் சொல்வார்.

வயதானவர்களுக்கு உட்கார்ந்து அளந்ததும் எழுந்து நிற்கச் சொல்லி, ஒரு நிமிடத்திலும் மூன்றாம் நிமிடத்திலும் மறுபடி அளங்கள். மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் மருத்துவரிடம் தெரிவியுங்கள். ராத்திரி கழிவறைக்கு எழும்போது கட்டில் ஓரத்தில் சற்று உட்கார்ந்துவிட்டு எழச் சொல்லுங்கள். இடுப்பெலும்பு முறிவு பல வீடுகளில் இந்த அவசரத்தில்தான் நடக்கிறது.

ராத்திரியில் 190 காட்டினால்

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பார்வை மங்கல், கடுமையான தலைவலி, கை கால் தளர்வு, குழப்பம் எதுவும் இல்லையென்றால் முதலில் உட்காருங்கள். பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி அளங்கள். அன்றைய மாத்திரை விட்டுப்போயிருந்தால் போடுங்கள். கூடுதலாக ஒன்று வேண்டாம். பக்கத்து வீட்டு மாத்திரையும் வேண்டாம். முன்பெல்லாம் நிபெடிபின் கேப்சூலைக் குத்தி நாக்கின் அடியில் விடுவார்கள். பிரஷர் கிணற்றுக்குள் விழுவதுபோல் விழுந்து, மூளைக்கும் இதயத்துக்கும் ரத்தம் போதாமல் பக்கவாதமும் மாரடைப்பும் வந்ததால் அந்தப் பழக்கத்தை மருத்துவ உலகமே கைவிட்டது. மேல் எண் 180 அல்லது கீழ் எண் 120-க்கு மேலேயே நின்றால் அன்றைக்கே மருத்துவரிடம் பேசுங்கள்.

மேலே சொன்ன அறிகுறிகளில் ஒன்று இருந்தாலும் 108-ஐ அழையுங்கள். வாய் ஒரு பக்கம் கோணுகிறது, ஒரு கையைத் தூக்க முடியவில்லை, பேச்சு குழறுகிறது என்றால் அது பக்கவாதமாக இருக்கலாம். அந்த நேரத்தில் பிரஷரை இறக்குகிறேன் என்று மாத்திரை கொடுக்காதீர்கள். விழுங்கும் சக்தி போயிருக்கலாம் என்பதால் தண்ணீரும் சோடாவும்கூட வேண்டாம், நுரையீரலுக்குள் இறங்கிவிடும். ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு, கடைசியாக எத்தனை மணிக்கு அவர் நன்றாக இருந்தார் என்று வீட்டில் கேட்டு ஒரு தாளில் எழுதுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை அந்த மணியிலிருந்து நாலரை மணி நேரத்துக்குள்தான் போட முடியும், அதற்கு முன் மூளை ஸ்கேன் எடுத்தாக வேண்டும். ஆகவே அருகிலுள்ள சிறு கிளினிக்குகளில் இறங்கிப் பார்த்துக்கொண்டிராமல், ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்கே நேராகக் கொண்டுபோகச் சொல்லுங்கள்.